ஒரு மில்லிவாட் மரியாதை

1986இல் எங்கள் கல்லூரி இயற்பியல் துறைக்கு லேசர் ஒன்றே ஒன்றுதான். முழங்கை நீள ஹீலியம்-நியான் குழாய். பழைய வேட்டி சுற்றி பீரோவில் பூட்டியிருக்கும். சாவி அட்டெண்டர் அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில். அதை எடுக்கிற நாளில் இருட்டறைக்குள் செருப்போடு விடமாட்டார். "கண்ணுல பட்டா அவிஞ்சி போவும்லே!"

அதன் திறன் 1 மில்லிவாட்.

சுவிட்சைப் போட்டால் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு. கதிரைக் காணோம். பேராசிரியர் டஸ்டரைத் தட்டுவார். சாக்பீஸ் தூள் பறக்கிற இடத்தில் மட்டும் அந்தரத்தில் சிவப்புக் கம்பி மினுங்கி மறையும். பக்கவாட்டில் போகிற ஒளியைத் தூசு நம் பக்கம் சிதறவிட்டால்தானே தெரியும்! பல்பின் ஒளி கோயில் கொடைக்கு வந்த கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் போகும். இதுவோ ஒரே நிறம், ஒரே திசை, கால் மாறாத அணிவகுப்பு. ஒரு ஒளித்துகள் தன்னைப்போல் இன்னொன்றைக் கிளப்பிவிடும் என்று 1917இல் ஐன்ஸ்டைன் எழுதியதை, 1960இல் மைமன் மாணிக்கத் தண்டில் செய்துகாட்டினார். நாங்கள் செய்துகாட்டியது அலைநீளம் காண்பதை. 632.8 நானோமீட்டர், வகுப்பு முழுக்கத் தசமம் பிசகாமல் வந்தது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வராமல் எங்கே போகும்?

போன ஆடியில் ஊர் அம்மன் கொடை. சவுண்ட் சர்வீஸ் பையன் சூட்கேஸ் அளவு லேசர் பெட்டியோடு வந்திருந்தான்.

"எத்தனை வாட்டுப்பா?"

"மூணு, பெரியப்பா."

கமிட்டித் தலைவருக்கு முகம் தொங்கிவிட்டது. "எங்க வீட்டு ஜீரோ வாட் பல்பே பதினஞ்சு இழுக்கும். இதுக்கா இம்புட்டு வாடகை?" பல்பு எட்டுத் திசைக்கும் இறைக்கிறது, லேசர் விரல் தடிமனில் ஒரே பக்கம் கொட்டுகிறது, அதையும் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஊசிமுனையாகக் குவித்துவிடும் என்று விளக்கினேன். வாடகை குறைந்தபாடில்லை. இந்த மூன்று வாட், அண்ணாச்சி வேட்டி சுற்றிக் காத்ததைவிட 3,000 மடங்கு. பூட்டும் இல்லை, வேட்டியும் இல்லை.

1973இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் வானாய்வகத்தில் 'லேசேரியம்' என்ற லேசர் ஒளிக்காட்சி நடத்த கிரிப்டான் வாயு லேசர் தேவைப்பட்டது. பையன் திறந்து காட்டிய பெட்டியிலோ சிவப்பு, பச்சை, நீல டையோடுகள். மூன்றும் கலந்து ஒரே கதிர். அதன் வழியில் நகத்தளவில் இரண்டு கண்ணாடி. ஒன்று இடவலம் ஆட்டும், மற்றது மேலும் கீழும். நொடிக்கு 30,000 புள்ளிகள்வரை. திரையில் தெரிந்த சூலம் உண்மையில் ஓடுகிற ஒரே பொட்டு. நம் கண் மறக்கச் சோம்பல்படுவதால் கோடாகிவிடுகிறது. முனையில் கண்ணாடி சட்டென்று திரும்ப முடியாமல் வளைத்துக்கொண்டு போனதில், அம்மன் கையில் மூன்று கரண்டி. யாரும் குறைசொல்லவில்லை, குலவைதான் எழும்பியது.

டஸ்டருக்குப் பதில் புகை மெஷின். புகை பரவியதும் தெரு முழுக்கப் பச்சை ஓலைகள் விரிந்தன. குழந்தைகள் எம்பி எம்பிக் கதிரைப் பிடித்தார்கள்.

"தலைக்கு மேல போகணும்ப்பா. நான் ஃபிசிக்ஸ் படிச்சவன்" என்றேன். "சரிங்க பெரியப்பா" என்று தூக்கி வைத்தான்.

ஆசை யாரை விட்டது? எதிர் மாடியில் ஏறி, பெட்டிக்கு நேராகப் போனைப் பிடித்து வீடியோ எடுத்தேன். ஒரு பச்சை வீச்சு. அதற்குப்பின் எடுக்கிற படத்திலெல்லாம் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

பையனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேமராவ நேரா காட்டக் கூடாதுல்லா பெரியப்பா. ஃபிசிக்ஸ்ல சொல்லித் தரலியா?"