ஜி-கோடு மாகாத்மியம்

மென்பொருள்காரன் என்றால் ஒரு மொழியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, மிச்சத்தைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்பது தொழில் தர்மம். நானும் குறை வைத்ததில்லை. ஜாவா, ஒரு வணக்கம் சொல்வதற்கே ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டும். ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995-ல் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரம் இன்றும் தெரிகிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் 1-ஓடு 1-ஐக் கூட்டினால் 11 என்கிறது. அதே 11-ல் 1-ஐக் கழித்தால் யோக்கியமாக 10 என்கிறது! பைத்தான் என் செல்லம். ஆனாலும் 2008-ல் மூன்றாம் பதிப்பு வந்து, அதுவரை ஓடிய பிரிண்ட் வரிக்கெல்லாம் அடைப்புக்குறி கேட்டு அடம்பிடித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வீராப்பு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் செல்லும். சூளகிரி டீக்கடையில் செல்லாது. அங்கே எதிர் பெஞ்சில் இருப்பவர் ஓசூர் சிப்காட்டில் வி.எம்.சி. என்ற கம்ப்யூட்டர் மில்லிங் மிஷினுக்கு செட்டர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ், மிஷினிடம் ஜி-கோடு. எண்களைக் கொண்டு மில்லிங் மிஷினை ஓட்டலாம் என்று 1952-ல் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார்களே, அந்த வம்சத்து மொழி. மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று அது யாரையும் மிரட்டியதில்லை.

அவர் மிஷினின் ஃபானுக் கண்ட்ரோலில் எக்ஸ் 10 என்று அடித்துப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் பத்து மில்லிமீட்டர். புள்ளி விட்டுப்போனால், பல மிஷின்களின் செட்டிங்கில் அது வெறும் பத்து மைக்ரான்.

"ஜாவாஸ்கிரிப்ட் வாடை அடிக்குதேண்ணா" என்றேன்.

"உங்க ஆபீஸ்ல புள்ளி விட்டா என்ன தம்பி ஆகும்?"

"சிவப்பா ஒரு வரி வரும். திருத்திட்டு மறுபடி ஓட்டுவோம்."

"இங்க டூலை நூறு மில்லி மேல தூக்கச் சொல்லிட்டு, புள்ளிய விட்டுட்டோம்னு வை. மயிரிழை தான் தூக்கும். அடுத்த வரி ஜி ஜீரோ. குறுக்கால பாயும். நடுவுல கிளாம்ப். அப்புறம் முதலாளி வருவாரு."

அதனால்தான் புதுப் புரோகிராம் என்றால் சிங்கிள் பிளாக்கில் போட்டு, வரிக்கு வரி சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்குகிறார். ஒரு கை ஓவர்ரைடு குமிழில். இன்னொரு கை சைக்கிள் ஸ்டார்ட்டுக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்கும் நடுவில். காசு கொடுத்து வாங்கிய டீபக்கர் எதுவும் அந்த இரண்டு கைக்கு ஈடில்லை. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை ஏற்றிவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டு அத்திப்பள்ளி பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

கமெண்ட் விஷயத்திலும் அண்ணன் கட்சிதான் நான். 'இதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்' என்று எங்கள் கோடில் எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார், வரி மட்டும் இருக்கும். அண்ணனுடைய புரோகிராமின் தலையில், கண்ட்ரோலுக்குத் தமிழ் வராததால் ஆங்கில எழுத்தில், ஒரே கமெண்ட்: 'கை வைக்காதே'. நைட் ஷிப்ட் முழுக்க யாரும் வைப்பதில்லை.

பிளஸ் டூ படிக்கும் தன் மகனுக்குப் பைத்தான் சொல்லித்தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறார். ஆட்டு மந்தையை ஓட்டுவது மாதிரி வரிகளை உள்ளே தள்ளித் தள்ளி எழுதக் கற்றுக்கொடுத்து, ரன் பட்டனைக் காட்டினேன். பையன் கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணா, சிவப்பு பட்டன் எங்க?"