நனைந்த காலும் நானூறு டாலரும்

பெரிய மனிதர்களுக்கு ஞானம் பிறக்க ஒரு மரத்தடியாவது, மலை உச்சியாவது வேண்டியிருக்கிறது. லியான் லியான்வுட் பீனுக்கு அது ஈரச் சாக்ஸுக்குள் பிறந்தது.

வருஷம் 1911. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை இடித்துக்கொண்டு கிடக்கும் மேய்ன் மாநிலம். அங்கே ஃப்ரீபோர்ட் என்ற சின்ன ஊர். பீனுக்கு நாற்பதைத் தொடப்போகிற வயது. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கடை கண்ணி என்று ஏதோ செய்துகொண்டிருந்தார். பெரிய வியாபாரி என்று அன்றைக்கு அவரைச் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பது அவர் மனைவி பெர்த்தாவாகத்தான் இருக்கும். ஆனால் காட்டுக்குப் போவது என்றால் மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாது. மான், வாத்து, மீன் என்று எது ஓடினாலும் பறந்தாலும் நீந்தினாலும் பின்னாலேயே போய்விடுவார்.

இது சின்ன வயதிலேயே பிடித்த வியாதி. ஒன்பது வயதில் அப்பா கேட்டாராம்: ‘திருவிழாச் சந்தைக்குப் போகிறாயா, இல்லை உனக்கு ஐந்து இரும்புப் பொறி வாங்கித் தரட்டுமா?’ பையன் ராட்டினத்தைக் கைகழுவிவிட்டுப் பொறியைக் கேட்டான். 1884-ல் நான்கே நாள் இடைவெளியில் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர, பிள்ளைகள் உறவினர் வீடுகளில் வளர்ந்தார்கள். பதிமூன்று வயதில் பையன் ஒரு மானைச் சுட்டான். அந்த வழியாக வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த இரண்டு வேட்டைக்காரர்களிடம் அதைப் பன்னிரண்டு டாலருக்குத் தள்ளிவிட்டான். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பெருமை பேசியிருப்பார்கள் என்பதை யூகித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு, வியாபாரம், அடுத்தவன் மானத்தைக் காப்பாற்றுவது மூன்றும் ஒரே குண்டில்.

சாக்ஸுக்கு வருவோம். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இரண்டு வழிதான். முழுத் தோல் பூட்ஸ் போட்டால் சதுப்பில் ஊறி, ஆளுக்கொரு குளத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முழு ரப்பர் கம்பூட்ஸ் போட்டால் வெளித்தண்ணீர் வராது. உள்ளே வேர்வையே குளமாகிவிடும், கனமும் கால் சங்கிலி மாதிரி. பீன் யோசித்தார். கீழே ரப்பர், மேலே தோல், இரண்டையும் சேர்த்துத் தைத்தால் என்ன? உள்ளூரில் செருப்பு தைப்பவரிடம் போய்த் தைத்து வாங்கிப் போட்டுப் பார்த்தார். கால் நனையவில்லை.

இங்கே ஒரு சாதாரண ஆள் ‘அப்பாடா’ என்று சொல்லிவிட்டு அடுத்த மானைத் தேடிப் போயிருப்பான். பீன் அடுத்த ஆளைத் தேடினார். வெளிமாநிலத்திலிருந்து மேய்னுக்கு வேட்டைக்கு வருகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெயர்ப்பட்டியலைக் கைப்பற்றி, 1912-ல் அத்தனை பேருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார். காலுக்குச் சரியான உடுப்பு இல்லாதவனுக்கு மான் கிடைக்குமா என்கிற தொனியில் எழுதியிருந்தார். உள்ளூர்க்காரனிடம் இதெல்லாம் செல்லாது. அவன் கந்தல் பூட்ஸோடு போய் மானோடு வருவான். பட்டணத்து ஆசாமிதான் பொருள் வாங்கினால் திறமையும் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்புவான். கொடைக்கானல் பஸ் ஏறுமுன்பே தி.நகரில் மூன்று ஸ்வெட்டர் வாங்குகிற நமக்கு இது புரியும்.

ஆர்டர் வந்தது. நூறு ஜோடி போனது. பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

தொண்ணூறு ஜோடி திரும்பி வந்தது.

காரணம் எளிது. அந்த ரப்பர் மெல்லியது. தையல் ஊசி வரிசையாகத் துளை போட்டதில் தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிட்டது. நாலு நாள் நடந்தால் மேல் தோல் காலோடு வரும், கீழ் ரப்பர் சேற்றோடு தங்கிவிடும்.

எனக்கும் ஒரு தடவை இது நேர்ந்திருக்கிறது. மழைக்கு என்றே சொல்லி விற்ற ஷூ, வேளச்சேரி மழையில் ஒரே ஒரு நாள் நடந்ததற்குச் சோல் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் மறுபேச்சு பேசவில்லை. என் கையிலிருந்த பில்லை வாங்கி, திருப்பி, பின்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ வள்ளுவர் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்ததால் எனக்கும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

பீனிடம் வள்ளுவர் படம் இல்லை. தொண்ணூறு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அசல் பைத்தியக்காரத்தனம்: நானூறு டாலர் கடன் வாங்கி, பெரிய ரப்பர் கம்பெனியிடம் போய், தையலைத் தாங்குகிற மாதிரி அடிப்பாகம் செய்யச் சொல்லி, மறுபடியும் அதே பூட்ஸ். இந்தத் தடவை பிய்யவில்லை. இதை அவருடைய நேர்மை என்று வியாபாரப் பாடப் புத்தகங்கள் புகழ்கின்றன. எனக்கென்னவோ வேறு மாதிரிப் படுகிறது. வாங்கியவர்கள் எல்லாம் வருஷா வருஷம் அதே காட்டுக்கு, கையில் துப்பாக்கியோடு வருகிறவர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் உடம்புக்கு நல்லது.

நேரமும் ஒத்துழைத்தது. 1913 ஜனவரி 1-ல் அமெரிக்கத் தபால் இலாகா பார்சல் சேவையைத் தொடங்கியது. நம்மூரில் வி.பி.பி.யில் வாட்சு வரவழைத்துச் செங்கல் பெற்றவர்களுக்குத் தபால் வியாபாரத்தின் ருசி தெரியும். அங்கே பூட்ஸ் பூட்ஸாகவே போய்ச் சேர்ந்தது. ஊர் போஸ்ட் மாஸ்டர் யார்? சகோதரர் கை பீன். போஸ்ட் ஆபீஸ் எங்கே? கீழ்த்தளத்தில். பட்டறை எங்கே? அதே கட்டடத்தின் மாடியில். மேலிருந்து சறுக்குப் பாதையில் பொட்டலத்தைத் தள்ளிவிட்டால் நேரே தபாலில் போய் விழும். குடும்பப் பாசம் என்றால் இதுதான். பிள்ளைகள் கார்லும் வாரனும் வளர்ந்து கம்பெனிக்குள்ளேயே வந்தார்கள். மனைவி 1939-ல் இறந்தபிறகு மணந்துகொண்ட கிளேர், பெண்களுக்கும் கால் உண்டு என்பதை நினைவூட்ட, 1954-ல் கடையில் பெண்கள் பிரிவு திறந்தது. நாற்பது வருஷம் மேய்ன் காட்டில் மான்களுக்குக்கூட ஆண் வேட்டைக்காரர்கள்தான் தெரியும் போலிருக்கிறது.

கேட்டலாக்கைக் கடைசிவரை தன் கைப்படத்தான் எழுதினார். காட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பது வேலை என்று ஆகிவிட்டதால், வீட்டில் கேள்வி கேட்கவும் வழியில்லை. ‘எங்கே போகிறீர்கள்?’ ‘ஆபீஸ் வேலையாக.’ தோளில் தூண்டில். சொந்த வேலைக்கு இவ்வளவு கச்சிதமாகக் காரணம் தயாரித்த முதலாளியை நான் கேள்விப்பட்டதில்லை. விற்பனை 1937-லேயே பத்து லட்சம் டாலரைத் தாண்டியும் இன்னும் பெருக்க மாட்டேன் என்றார். மூன்று வேளை நன்றாகச் சாப்பிடுகிறேன், நாலாவது வேளையை எங்கே வைப்பது என்று கேட்பாராம். நாலாவது வேளைக்கு உட்கார்ந்தால் வாத்து யாருக்காகக் காத்திருக்கும்?

1942-ல் வேட்டை, மீன்பிடிப்பு, முகாம் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். முழுவதையும் படிக்க 85 நிமிஷம்தான் ஆகும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அந்த உபகாரத்தை நம் எழுத்தாளர்கள் எத்தனை பேர் செய்கிறார்கள்?

வேட்டைக்காரர்கள் நடுராத்திரியில் ஊர் வழியாகப் போகிறவர்கள். இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி லைசென்ஸ், தோட்டா, தூண்டில் முள் என்று கேட்டு எழுப்பினார்கள். 1951-ல் கடையை 24 மணி நேரமும் திறந்துவைத்து, சாவியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று அறிவித்தார். அந்தக் கதவில் பூட்டே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்மூரில் இதைச் செய்தால் காலையில் கதவு இருக்காது.

அங்கேயும் மனிதர்கள் மனிதர்கள்தான். வாழ்நாள் முழுக்கத் திருப்பித் தரலாம் என்ற வாக்கை நம்பி, குப்பையிலும் பழைய சாமான் விற்பனையிலும் பொறுக்கிய பூட்ஸை எல்லாம் கொண்டுவந்து புதுசு கேட்டார்கள். ஐந்து வருஷத்தில் 25 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லி, 2018-ல் கம்பெனி அந்த வாக்கை ஒரு வருஷமாகச் சுருக்கியது, ரசீதும் வேண்டும். நூறில் தொண்ணூறைத் திருப்பி எடுத்துப் பிழைத்த கடை, நூற்றாறு வருஷம் கழித்து நம் கல்லாக்காரரின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது.

பீன் தாத்தாவுக்கு அந்தக் கவலை இல்லை. பேரன் லியான் கார்மன் 1961-லேயே உள்ளே வந்து, என்னென்ன மாற்றலாம் என்று துடித்துக்கொண்டிருந்தான். தாத்தா காது கொடுத்தால்தானே. கடைசிக் குளிர்காலத்தை அவர் மேய்னில் கழிக்கவில்லை. 1967 பிப்ரவரியில், 94 வயதில், ஃபுளோரிடாவின் பொம்பானோ பீச்சில் போய்ச் சேர்ந்தார். அரை நூற்றாண்டு அமெரிக்காவின் காலை ஈரம் படாமல் காத்தவர், கடைசியில் போய்த் தங்கியது வெறுங்காலோடு மணலில் நடந்து அலையில் கால் நனைக்கிற ஊரில்.