ஆறு நிமிட அலகும் அதைக் காக்கும் மென்பொருளும்

அரிசி விற்பவருக்குப் படியும் துணி விற்பவருக்கு முழமும் உண்டு. அறிவுரை விற்பவருக்கு அப்படி ஓர் அளவை இல்லாததால், அதை வழங்க ஆன நேரத்தையே அளவையாகக் கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கறிஞர்களிடையே வேரூன்றியது. பாஸ்டன் நகரின் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், தம் நிறுவனத்து வழக்கறிஞர்களை அன்றாட நேரக் குறிப்பு எழுதவைத்த முன்னோடியாகக் கருதப்படுகிறார். வழக்கறிஞர்களின் வருமானம் பிற தொழிலினரைவிடப் பின்தங்குகிறதே என்று கவலையுற்ற அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், 1958இல் வெளியிட்ட சிறுநூலில், ஆண்டுக்குச் சுமார் 1,300 மணிநேரத்தைக் கட்சிக்காரர்களின் கணக்கில் எழுதலாம் என மதிப்பிட்டு, நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கத்தை வலியுறுத்தியது. குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல்கள் செல்லா என 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், மணிக்கணக்கே பெருவழக்காயிற்று.

இம்முறையில் பரவலாக வழங்கும் அலகு மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். அதைக் குறித்துவைக்கும் பொறுப்பு நெடுங்காலம் வழக்கறிஞரின் நினைவாற்றலிடமே இருந்தது. ஆயினும் மாத இறுதியில் அமர்ந்து மாதத் தொடக்கத்தை நினைவுகூரும் ஒருவரிடம் நினைவு ஓய்ந்த இடத்தில் கற்பனை பணியேற்றுக்கொள்வது இயல்பாதலால், அப்பொறுப்பு காலப்போக்கில் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தில் ஒன்று என்னும் அந்த எண்ணைத்தான் கணினியால் பிசகின்றி எழுத இயலாது என்பதை ஒப்படைத்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

கணினி எண்களைச் சுழியும் ஒன்றும் மட்டுமே கொண்ட இரும முறையில் எழுதுகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 3 என்னும் இலக்கம் முடிவின்றி நீள்வதைப் போல, பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவின்றி நீள்கிறது. கணினியோ ஓரிடத்தில் அதை வெட்டிவிடுகிறது. இத்தகைய எண்ணைப் பத்து முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால், பெரும்பாலான கணினி மொழிகளில் கிடைப்பது ஒன்று அன்று, 0.9999999999999999. எனவே பத்து முறை ஆறு நிமிடம் உழைத்த வழக்கறிஞரைப் பற்றி 'ஒரு மணிநேரம் நிறைந்ததா' என்று வினவினால், கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருள் 'இல்லை' என்றே விடையளிக்கும். கவனமுள்ள நிரலாளர்கள் நிமிடங்களை முழு எண்களாகச் சேமித்து இவ்விடரைத் தவிர்க்கின்றனர். விடுபட்ட அந்த நுண்துளிக்காக எவரும் வழக்குத் தொடுக்க முன்வராதது, அத்தொழிலினரின் பெருந்தன்மைக்குச் சான்று.

இதனினும் பெரிய தொகைகள் முழுமையாக்கலில் இடம்பெயர்கின்றன. முழுமையாக்கல் என்பது, ஒரு நிமிடத்தில் முடிந்த தொலைபேசி உரையாடலையும் அலகின் அளவுக்கு உயர்த்தி ஆறு நிமிடமாக எழுதுதல். ஒரு நிமிட உரையாடல்கள் பத்து நிகழ்ந்தன எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே உயர்த்திப் பின் கூட்டினால் ஒரு மணிநேரமும், முதலில் கூட்டிப் பின் உயர்த்தினால் பன்னிரண்டு நிமிடமும் கிடைக்கும். ஒரே மென்பொருளின் ஓர் அறிக்கை முதல் வழியையும் மற்றோர் அறிக்கை இரண்டாம் வழியையும் பின்பற்றுமாயின், இரண்டும் கணிதப்படி குற்றமற்றவையாய் இருந்துகொண்டே ஒன்றையொன்று பொய்யாக்கும்.

கடிகாரமும் நேர்கோட்டில் நடப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறன்று கோடைக்கால நேரம் முடிவுற, நள்ளிரவுக்குப் பின்வரும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரையிலான பொழுது இருமுறை வருகிறது. அன்று 1.30க்குப் பணியைத் தொடங்கி, மீண்டும் வந்த 1.15க்கு முடித்தவர் உழைத்தது நாற்பத்தைந்து நிமிடம். உள்ளூர் நேரத்தை மட்டும் சேமிக்கும் மென்பொருளின் பார்வையில் அவர் கட்சிக்காரருக்குக் கால் மணிநேரம் கடன்பட்டிருக்கிறார். நேரம் பின்னோக்கிச் செல்லாது என்னும் நம்பிக்கை வல்லுநர்களையும் விட்டுவைத்ததில்லை: 2017 புத்தாண்டு நள்ளிரவில், புவிச்சுழற்சியோடு ஒத்துப்போகும் பொருட்டு உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி சேர்க்கப்பட்டபோது, இணையப் பெருநிறுவனமான கிளவுட்ஃபிளேரின் நிரல் ஒன்று கால இடைவெளியை எதிர்ம எண்ணாகக் கணக்கிட்டுச் செயலிழந்தது.

நொடிகளைச் சரியாக எண்ணும் மென்பொருளும் எதை எண்ணுவது என்பதில் தடுமாறுகிறது. விசைப்பலகையும் சுட்டியும் சில நிமிடங்கள் அசையாதிருந்தால் பணி நின்றுவிட்டதாகக் கொள்ளும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதன்படி, தடித்த தீர்ப்புத் தொகுதியைக் கையிலேந்திச் சிந்தனையில் ஆழ்ந்தவர் சோம்பேறியாகவும், கணினியில் சீட்டாடுபவர் உழைப்பாளியாகவும் பதிவாகின்றனர். கைப்பேசியில் ஒரு டைமரும் மேசைக் கணினியில் மற்றொன்றும் ஓடினாலோ, ஒருவர் ஒரே பொழுதை இருமுறை வாழ்ந்தவராகிறார். இத்தகைய இரட்டை வாழ்வு மென்பொருளின் கண்டுபிடிப்பன்று: ஒரு கட்சிக்காரருக்காக ஆறு மணிநேரம் விமானத்தில் பறந்தபடியே மற்றொருவருக்காக ஐந்து மணிநேரம் பணிசெய்தவர் பதினொரு மணிநேரத்துக்குக் கட்டணம் கோரலாகாது என, வழக்கறிஞர் சங்கம் 1993இலேயே ஒழுக்கநெறிக் கருத்துரை வெளியிட வேண்டியிருந்தது.

இப்பிழைகள் அனைத்தையும் ஈரினங்களாகப் பகுக்கலாம்: தொடங்க மறந்த டைமர் நேரத்தை விழுங்குகிறது, நிறுத்த மறந்த டைமர் நேரத்தை ஈன்றெடுக்கிறது. முதல் இனம் நிறுவனத்துக்கும் இரண்டாம் இனம் கட்சிக்காரருக்கும் நட்டமாதலால், ஒருவர் பிழை என்பதை மற்றவர் கவனிப்பதேயில்லை. மென்பொருளை வாங்குவது நிறுவனம். ஆதலின் விளம்பரங்கள் தவறிப்போன மணிநேரங்களை மீட்டுத் தருவதைப் பற்றியே பேசுகின்றன, மிகையாய் முளைத்தவற்றைக் களைந்து தருவதைப் பற்றி அரிதாகவே வாய் திறக்கின்றன. ஐயம் எழும் இடங்களில் பதிவைத் திருத்தும் உரிமை, எந்த நினைவாற்றலை நம்பவியலாதென மென்பொருள் வாங்கப்பட்டதோ, அதனிடமே மாத இறுதியில் திரும்பி வருகிறது. இருதரப்புக்கும் சமமாகப் பிழை இழைக்கும் மென்பொருள் ஒன்று உருவாகுமானால் அதனை நடுநிலையானது எனப் போற்றலாம். வாங்குவதற்கு மட்டும் எத்தரப்பிலும் ஆள் இருக்காது.