பதினைந்தில் ஒன்பது தள்ளுபடி

தொண்ணூறுகளில் பாங்காக் சிலோம் சாலைப் பக்கம் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்த தமிழர்கள் ஸ்னூக்கர் கற்றுக்கொண்டதற்கு விளையாட்டு ஆர்வம் காரணமில்லை. டிராஃபிக்தான் காரணம். ஸ்கைடிரெயின் ஓடத் தொடங்கியது 1999 டிசம்பரில். அதற்கு முன் சாயங்காலம் ஐந்து மணிக்கு பஸ் ஏறினால், சுகும்வித் போய்ச் சேர்வதற்குள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதனால் யாரும் ஐந்து மணிக்கு ஏறுவதில்லை. பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த கிளப்புக்குப் போய் மேசை பிடிப்போம்.

பச்சைத் துணிக்கு மேலே தொங்கும் விளக்கைப் போட்டதும் கணக்கு ஓட ஆரம்பிக்கும். மார்க்கர் பையன் முக்கோணச் சட்டத்துக்குள் பதினைந்து சிவப்புப் பந்துகளையும் உருட்டிவிட்டு, சட்டத்தை ரெண்டு தடவை முன்னும் பின்னும் அசைத்து, மூச்சு விடாமல் மேலே தூக்குவான். ஒரு பந்து விலகியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தச் சடங்கே ஒரு சிகரெட் நேரம் பிடிக்கும். எங்களைப் போன்றவர்கள் ஆடினால் ஒரு ஃபிரேம் முக்கால் மணி நேரம். எங்களோடு வரும் காயல்பட்டினத்துக் காக்கா ஆடமாட்டார். சோபாவில் உட்கார்ந்து அலுத்துக்கொள்வார். “தம்பி, நீங்க இந்தச் செவப்பெல்லாம் குழியில தள்ளி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு பார்சல் நீலம் வித்துட்டு வந்துருவேன்” என்பார். எழுந்து மட்டும் போகமாட்டார். போனால் டிராஃபிக்.

ஊரே அப்போது ஸ்னூக்கர் பித்துப் பிடித்துக் கிடந்தது. ஜேம்ஸ் வட்டானா என்ற தாய்லாந்துப் பையன் 1994இல் தாய்லாந்து ஓபன் இறுதியில் ஸ்டீவ் டேவிஸை 9-7 என்று வீழ்த்தினான். மறு வருஷம் ரோனி ஓ’சலிவனை 9-6. பதினாறு, பதினைந்து ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து சிவப்பு. ‘நீளமாக இருக்கிறது’ என்று யாரும் புகார் செய்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு ரயில் வந்தது. சுரங்க ரயிலும் வந்தது. மூன்று மணி நேரப் பயணம் இருபது நிமிஷமாயிற்று. மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது? ‘பதினைந்து பந்துக்கெல்லாம் நேரமில்லை’ என்றது.

2008 ஜூலையில், சாவ் பிரயா ஆற்றங்கரை மோன்டியென் ரிவர்சைட் ஹோட்டலில் ஆறு சிவப்பு ஸ்னூக்கருக்கு ஒரு சர்வதேசப் போட்டி வைத்தார்கள். அழைப்பின்பேரில் ஆடும் போட்டி, தரவரிசைப் புள்ளி கிடையாது. ரிக்கி வால்டன் ஸ்டூவர்ட் பிங்கமை 8-7 என்று வென்றார். முதல் வருஷம் வெறும் ‘சர்வதேச’ப் போட்டி, அடுத்த வருஷம் ‘உலக கிராண்ட் பிரி’, 2010இல் ‘உலக சாம்பியன்ஷிப்’. பந்து குறைந்தது, பெயர் வளர்ந்தது. முழு ஆட்டத்தின் உலக சாம்பியன்ஷிப்புக்கு 2005 வரை சிகரெட் கம்பெனி பணம் கொடுத்தது. இந்த ஆறு சிவப்புக்கு உள்ளூர் ரம் கம்பெனி கொடுத்தது. அந்த மட்டில் மரபு காப்பாற்றப்பட்டது.

காக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றே வரிசை, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு சிவப்பு, பிங்க் பந்தின் முதுகில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் கறுப்பு வரைக்கும் வெட்டவெளி. காக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மிச்சம் ஒம்பது எங்கெ?” என்றார். இவ்வளவுதான் காக்கா என்றேன். “அரைக் கல்லைக் காட்டி முழுக் கல்லு வெலை சொல்றானுவளா?” என்றார். பக்கத்து வரிசை ஆங்கிலேயர் திரும்பிப் பார்த்தார். தமிழ் புரியாதது நல்லதாயிற்று.

நியாயமாகச் சொன்னால் ஆட்டம் மோசமில்லை. முழு ஆட்டத்தில் ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பைச் சேர்த்து, கடைசியில் வண்ணப் பந்துகளின் 27ஐக் கூட்டினால் 147. இதில் அதே கணக்கு 75இல் முடிகிறது. தப்பாட்டத்துக்கு ‘மிஸ்’ சொல்லி, திருப்பி ஆடு, திருப்பி ஆடு என்று இழுக்கவும் முடியாது. தொடர்ந்து ஐந்தாவது மிஸ் விழுந்தால் எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஒரு தப்பு செய்தால் ஃபிரேம் போச்சு. பின்தங்கியவன் மெல்ல மெல்ல மீண்டு வரும் அழகுதான் காணோம். மீள்வதற்குப் பந்து வேண்டுமே.

2009இல் பட்டம் வென்றவர் ஜிம்மி வைட். பேரி ஹாக்கின்ஸை 8-6 என்று வென்றார். பதினைந்து சிவப்பின் உலக இறுதியில் ஆறு முறை தோற்றவர் அவர். அவருக்கென்றே யாரோ பந்துகளை எண்ணி வைத்தது போலிருந்தது. 2015இல் உள்ளூர்க்காரர் தெப்சையா உன்-நூ வென்றபோது தாய்லாந்துக்கே மனசு குளிர்ந்தது. மின்னல் வேகத்தில் ஆடுபவர். இவருக்கு எதற்கு ஆறு பந்து, மூன்று போதுமே என்று தோன்றும்.

சுருக்கும் ஆசை பாங்காக்கில் பிறந்ததல்ல. 1969இலேயே பி.பி.சி., கலர் டி.வி.யை விற்க ‘பாட் பிளாக்’ என்று ஒரே ஒரு ஃபிரேம் போட்டியை நடத்தியது. 2010இல் லண்டனில் ஒன்பது சிவப்பும் அரை மணி நேரக் கடிகாரமுமாக ‘பவர் ஸ்னூக்கர்’ வந்தது. ரெண்டு தடவை நடந்தது, முதல் தடவை ஓ’சலிவன் ஜெயித்தார், அத்தோடு சரி. பத்து நிமிஷத்தில் ஃபிரேம் முடியும் ‘ஷூட் அவுட்’ இன்னும் இருக்கிறது. இந்த ஆட்டமே 1875இல் ஜபல்பூரில், மழை விடாமல் பெய்ததால் வேலையில்லாமல் கிடந்த ராணுவ அதிகாரிகள் கண்டுபிடித்தது. விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். நேரம் போகாதவர்கள் நேரம் போக்கப் பிறந்த ஆட்டத்தை, நேரமில்லை என்பவர்களுக்காக வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெட்டியதாவது தழைத்ததா? 2011இல் ஆறு சிவப்புப் போட்டி நடக்கவில்லை. 2020 முதல் மூன்று வருஷம் கொரோனா விழுங்கிவிட்டது. 2023இல் டிங் ஜுன்ஹுய் தெப்சையாவை 8-6 என்று வென்றார். ஷெஃபீல்டில் முழு ஆட்டத்தின் உலக சாம்பியன்ஷிப்போ 17 நாள் நடக்கிறது. இறுதியாட்டம் 35 ஃபிரேம் வரை, இரண்டு நாள். அதற்கு டிக்கெட் கிடைப்பதில்லை.

பாங்காக் கிளப்களில் இப்போதும் மேசைக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. போகிறவர்கள் பதினைந்தையும் அடுக்கச் சொல்லுங்கள். ஆறுக்கும் அதே காசுதான்.