நாலு எட்டுக்காரர்

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார், "ரூட்டர் எங்கே இருக்கு?" என்று. நலம் விசாரிப்பு, பிள்ளையின் மார்க், காபிக்குச் சர்க்கரை எல்லாம் அதற்கு அப்புறம்தான். குறிப்பாக யாரையும் நான் சொல்லவில்லை. மேல்மாடிக்காரராக இருக்கலாம், ஆபீஸில் பக்கத்து சீட்டாக இருக்கலாம், சகலையாகவும் இருக்கலாம். (என் சகலை இதைப் படிக்க மாட்டார். ஒரு பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று பார்ப்பாரே தவிர, திறந்த பக்கத்தைப் படித்ததாகச் சரித்திரம் இல்லை.)

"சகலை, இன்னுமா கம்பெனிக்காரன் கொடுத்த டிஎன்எஸ்ஸையே வெச்சிருக்கீங்க?"

அந்தக் குரலில் வழியும் இரக்கத்துக்கே நாம் கூனிக் குறுக வேண்டும். அதற்குள் ரூட்டரின் 192.168.1.1 பக்கத்துக்குள் நுழைந்திருப்பார். 2006-ல் ஓப்பன் டிஎன்எஸ் வந்த காலத்திலிருந்தே அவர் இந்தத் திருப்பணியில் இருக்கிறார். 2009 டிசம்பரில் கூகுள் 8.8.8.8 என்ற தன் டிஎன்எஸ்ஸைத் திறந்ததும் அந்தப் பக்கம் தாவி, பார்த்த வீட்டிலெல்லாம் நாலு எட்டைப் போட்டார். 2017-ல் 9.9.9.9 வந்தபோது கொஞ்ச நாள் ஊசலாட்டம். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் 1.1.1.1-ஐ அறிவித்தது. முட்டாள்கள் தினமாயிற்றே என்று முதலில் சந்தேகப்பட்டார். சந்தேகம் தீர்ந்ததும், முன்பு எட்டு போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய் ஒன்று போட்டார்.

மாற்றுவதோடு விட்டால் பரவாயில்லை. நிரூபிக்கவும் வேண்டும். டிஎன்எஸ் பெஞ்ச்மார்க்கை ஓட்டுவார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் நீளும். வீட்டில் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்றாலும் விட மாட்டார். "38 மில்லி செகண்டு இருந்துச்சு. இப்போ 12! பாத்தீங்களா?" பார்த்தோம். மிச்சமான 26 மில்லி செகண்டை என்ன செய்வது என்று என் மனைவி கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

அடுத்து நேரடி விளக்கம். மாற்றுவதற்கு முன் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, "எப்படித் திணறுது பாருங்க" என்பார். மாற்றிய பின் அதே தளத்தை அதே பிரவுசரில் மறுபடி திறந்து, "எப்படிப் பறக்குது பாருங்க!" என்பார். முதல் தடவையே படங்களையெல்லாம் பிரவுசர் சேமித்து வைத்துக்கொண்டதால்தான் இரண்டாம் தடவை பறக்கிறது. டிஎன்எஸ்ஸைத் தொடாமலே திறந்தாலும் பறந்திருக்கும். இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் தியரி சகலை" என்றார்.

தெருமுனைக் கடையில் விலாசம் கேட்கிறோம். கடைக்காரர் படாரென்று பதில் சொல்வதால் ரோட்டில் நெரிசல் குறைந்துவிடுமா? பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது, அவ்வளவுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. எண் கிடைத்த பிறகு படமோ பாட்டோ நம் லைன் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வேகத்தில்தான் வரும். ஒருமுறை கிடைத்த எண்ணைக் கம்ப்யூட்டரும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதுமட்டுமல்ல, பெரிய வீடியோ தளங்கள் பலவும், விசாரிப்பது எந்த டிஎன்எஸ் என்று பார்த்துத்தான் எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்கின்றன. தொலைவில் இருக்கும் டிஎன்எஸ்ஸைப் போட்டால், பக்கத்து சர்வரை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து படம் வரவும் கூடும். பெஞ்ச்மார்க்கில் 12, படம் பார்க்க உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி ஊரே நெட் இல்லை என்று தவித்தது. லைன் நன்றாகத்தான் இருந்தது. படுத்தது கம்பெனியின் டிஎன்எஸ். மறுநாள் காலை பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை. போன் செய்ததும் லுங்கியோடு வண்டியில் வந்து நாலு எட்டைப் போட்டார், எல்லாம் உயிர் பெற்றது. அன்று அவர் எந்தக் கோட்டையும் யாருக்கும் காட்டவில்லை. காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். இந்த மனிதரை எப்படி வெறுப்பது?

வெறுக்க வழி வைத்திருக்கிறார். போன தடவை வந்தபோது, "பாதுகாப்பு" என்று சொல்லி ரூட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். என்ன பாஸ்வேர்டு என்று அவருக்கே ஞாபகமில்லை. என் லேப்டாப்பிலும் டிஎன்எஸ் எண்ணை நிலையாக எழுதி வைத்தார். அதனால் வெளியூர் லாட்ஜில் வைஃபைக்கு லாகின் பக்கம் வரவே இல்லை. லாட்ஜின் டிஎன்எஸ் வழியாகத்தான் அந்தப் பக்கமே வருமாம். ரிசப்ஷன் பையன் என்னைப் பார்த்த பார்வையை நான்தான் வாங்கிக்கொண்டேன், சகலை இல்லை.

இத்தனை வருஷமாக எங்கள் ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அலையில் பாதியை அந்த பீரோவே விழுங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போய்த்தான் அவர் வயரைத் தடவிப் பார்க்கிறார். ஒருநாளும் வெளியே எடுத்து வைத்ததில்லை. அதில் காட்டுவதற்குக் கோடு கிடையாதே. உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வருவார். வந்ததும் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். பீரோவை நகர்த்த ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.