நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?

மார்ச் பிறந்தால் கழக்கூட்டம் டெக்னோபார்க் ஐ.டி. வட்டாரத்தில் தர்ம சிந்தனை சூடுபிடிக்கும். நிதியாண்டு முடிவதற்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டுமே! கொடுக்கட்டும். ஆனால் கை பைக்குள் போவதற்கு முன் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?” இந்த மார்ச்சிலும் வந்துவிட்டது. பூஜ்யம் என்றால் முகம் மலரும். 15 என்றால் பிக்பாக்கெட்டைப் பார்க்கிற பார்வை. நாமெல்லாம் அப்படித்தான். நோட்டுப் புத்தகம் தருவோம், அதை ஏற்றிவரும் ஆட்டோவுக்குத் தரமாட்டோம். சக்கர நாற்காலி தருவோம், பஞ்சர் ஒட்டத் தரமாட்டோம். கம்ப்யூட்டர் தருவோம், கரண்ட் பில் அவர்கள் பாடு. கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும், கணக்கருக்குச் சம்பளம் கூடாது. ஆபீஸே வேண்டாம், ஆனால் போன் அடித்தால் உடனே எடுக்கவேண்டும். ஆளுயரக் காசோலையோடு போட்டோ மட்டும் கட்டாயம். அந்தக் காசோலையை எந்த பேங்க்கும் வாங்காது, அது எந்த ஆட்டோவிலும் நுழையாது. ஃப்ளெக்ஸ் அடித்த காசு யார் தலையில்? நிர்வாகச் செலவில்தான்.

நிர்வாகச் செலவுக்குச் சட்டமே தடை என்பார்கள். இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. விதிகளில் உள்ள 5 சதவீத நிர்வாக வரம்பு கம்பெனிக்கு. பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்புக்கு அல்ல. சராசரி என்பதால் ஒரு மோசமான ஆண்டு, அடுத்த 3 ஆண்டுகளுக்கும் நன்கொடையை இழுத்துப்பிடிக்கும். வெளிநாட்டுப் பணத்துக்கோ, ஊரெல்லாம் கொரோனாவில் கிடந்த 2020 செப்டம்பரில் நிர்வாகச் செலவு வரம்பை 50இலிருந்து 20 சதவீதமாக வெட்டினார்கள். பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான் இறங்கவேண்டும் என்றும் சொன்னார்கள். தனிமனிதர்களுக்கு இருந்த ஆசை 80ஜி வரிக்கழிவு. 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் அதுவும் கிடையாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். அறக்கட்டளை என்ற பெயரில் கார் வாங்கியவர்கள் இல்லையா? உண்டு. ஆனால் பொய்க்கணக்கு எழுதுகிறவருக்குப் பூஜ்யம் எழுதுவதில் என்ன கஷ்டம்? ஆடிட்டருக்குக் கூலி கொடுத்து, அதை மறைக்காமல் எழுதியும் வைக்கிறவர்தான் நம்மிடம் மாட்டுகிறார். சதவீதம் கேட்பது திருட்டைப் பிடிக்காது; நேர்மையானவரைப் பொய்சொல்லப் பழக்கும். ‘சேவைதானே, சம்பளம் எதற்கு?’ என்பது அடுத்த ஆட்சேபம். ஆள்குறைப்புச் செய்தி வந்த அன்று மாதச் சம்பளத்தின் அருமை ஐ.டி.காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அதே சம்பளம் சிறப்புப் பள்ளி ஆயாவுக்குப் போனால் மட்டும் அது வீண்செலவு!