சொல்லாமல் வந்த செஸ்னா

சிங்கப்பூரில் சொந்த விமானம் ஓட்ட ஆசைப்படுபவர் முதலில் வரைபடத்தை விரிக்கட்டும். கிழக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சின்ன செஸ்னாவுக்குக் கால் மணி நேரப் பாடு; கொஞ்சம் அசந்தால் ஜொகூர். அந்தக் கால் மணிக்குள்ளும் இங்கே சாங்கி, அங்கே பாய லேபார், அப்பால் தெங்கா விமானப்படைத் தளம்.

2008 ஜனவரி 22 அன்று, தாய்லாந்தின் கோ சாமுயியிலிருந்து ஒரு செஸ்னா 208, அனுமதி பெற்ற பயணத் திட்டம் இல்லாமலே உள்ளே நுழைந்தது. எதிர்கொண்டு அழைக்க எஃப்-16 போர் விமானங்கள் கிளம்பின. சாங்கி சுமார் 50 நிமிடம் மூடிக்கிடந்தது. மாப்பிள்ளை அழைப்பில்கூட இவ்வளவு தடபுடல் கிடையாது!

தேக்காவில் தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்தபடி இதைச் சொன்னேன். எதிரில் இருந்த அண்ணன் சிரிக்கவில்லை. தீபாவளிக்குப் பேரனுக்கு ட்ரோன் வாங்கியிருக்கிறாராம்.

“250 கிராமுக்கு மேல இருந்தா பதியணும்ண்ணே.”

“பெட்டியோடயா, பெட்டி இல்லாமயா?” என்றவர், பையைத் தூக்கிக்கொண்டு மீன்கடைத் தராசைப் பார்த்து நடந்தார்.